கொள்முதல் களத்தில் கண்ணாமூச்சி

நெல்லுக்குக் காவல் இருப்பதைவிடப் பிள்ளைகளுக்குக் காவல் இருப்பதுதான் கஷ்டம். நெல் கொட்டிய இடத்தில் கிடக்கும். ‘பசிக்குது’ என்று முந்தானையைப் பிடித்து இழுக்காது. ‘அவன் என்னக் கிள்ளிட்டான்’ என்று மூக்கை ஒழுக்கிக்கொண்டு ஓடி வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது நாள் வெயிலில் காவல் இருந்தவள் நான். இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் எதிர்வாதம் பண்ண வேண்டாம்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். குறுவை அறுப்பும் காலாண்டுப் பரீட்சை லீவும் ஒன்றாக வந்து தொலைத்த வருஷம் அது. ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, மெஷின் வைத்து அறுத்து, நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டினோம். கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அங்கேதான் ஆரம்பமே. எங்களுக்கு முன்னால் பதினோரு குவியல் கிடந்தது. வரிசை வர வேண்டும். வரிசை வருகிற அன்று நெல்லின் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி மீட்டரில் போடுவார். பதினேழைத் தாண்டினால், “இன்னும் காயணும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மீட்டர் சொல்வதைத்தான் அவர் சொல்வார்.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். “லீவு கெடைக்கல, நீ பாத்துக்க” என்று போனில் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ளாமல் என்ன செய்வது? இரவுக் காவலுக்கு மாமனார் சைக்கிளில் வந்து குவியலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். விடிந்ததும் அவர் கிளம்ப, நான் சோற்றுத் தூக்கோடு வந்துவிடுவேன். பத்து வயது மகனையும் நாலு வயதுப் பாப்பாவையும் வீட்டில் தனியாக விட்டு வர முடியாது. அவர்களும் என்னோடு களத்துக்கு வந்துவிட்டார்கள்.

காலையில் படுதாவை விலக்கி நெல்லைப் பரப்ப வேண்டும். மணிக்கு ஒருதரம் காலால் கிளறிவிட வேண்டும். நாலு மணி வாக்கில் பலகையால் தள்ளிக் குவித்து மறுபடி மூட வேண்டும். புரட்டாசி மாதம்; சாயங்காலம் ஆனால் வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கொட்டிய அன்று மீட்டர் இருபத்தொன்று காட்டியது. நாலாம் நாள் பத்தொன்பது. ஆறாம் நாள் பதினெட்டு. அந்த மூன்று புள்ளியும் என் உள்ளங்கால் தோல். நெல் சுணை பட்டுக் கழுத்தெல்லாம் தடித்துப்போனது. குழம்புச் சோற்றில் கைவைத்தால் விரல் எரியும். தூக்கத்தின் மேல் எனக்கு அப்போது இருந்த ஆசையை வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்: யாராவது வந்து, ‘நீ அரை மணி தூங்கு, நான் பாத்துக்குறேன்’ என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

அடுத்த குவியல் கிழக்குத் தெரு அண்ணனுடையது. சொந்தமில்லை, ஒரே ஊர், கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணன் ஆனவர். வரிசையிலும் எங்களுக்கு அடுத்த ஆள் அவர்தான். அவர் சம்சாரம் நூறு நாள் வேலைக்குப் போய்விட, இரண்டு பெண்பிள்ளைகளையும் களத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவளுக்குப் பதினாலு வயது. சின்னவளுக்கு ஏழு. “தங்கச்சி, செத்த பாத்துக்கம்மா, உரக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்” என்று வண்டியை எடுப்பார். மத்தியானம் தாண்டித்தான் திரும்புவார். அந்த உரக்கடை எந்த ஊரில் இருந்ததோ!

ஆகப் பதினாலு, பத்து, ஏழு, நாலு. இந்த நாலையும் ஒன்றாக விளையாட வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன பாடு என்று. முதல் இரண்டு நாள் என் செல்போனைக் கொடுத்துச் சமாளித்தேன். சார்ஜ் தீர்ந்ததும் ஐஸ்பாய் ஆட ஆரம்பித்தார்கள். கண்ணாமூச்சிதான், ஒளிந்து பிடிப்பது. அதற்குப் பிறகு என் உயிரை வாங்கிவிட்டார்கள்.

“அத்தை, தம்பி போங்காட்டம் ஆடுறான்.”

“அம்மா, அவ எண்ணும்போது வெரலு சந்துல பாக்குறா.”

“அத்தை, என்னையே புடிக்க வுடுறாங்க, எனக்கு யாருமே கெடைக்க மாட்டேங்கிறாங்க.”

நடந்தது இதுதான். பெரியவள் பிடிக்கப் போனால் இரண்டு நிமிஷத்தில் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஏழு வயதுக்காரி பிடிக்கப் போனால் களம் முழுக்கச் சுற்றிவிட்டு யாரும் அகப்படாமல் நடுவில் உட்கார்ந்து அழுவாள். என் மகன் கட்டி வைத்த மூட்டை அட்டியின் மேல் ஏறி ஒளிந்துகொண்டு, சுமை தூக்குகிறவர்களிடம் வசை வாங்குவான். பாப்பா ஒளிந்த இடத்திலிருந்தே, “நான் இங்க இருக்கேன்” என்று கூவி, கூட ஒளிந்தவனையும் காட்டிக் கொடுப்பாள். ஒவ்வொரு ஆட்டமும் என் தலைமாட்டில் வந்துதான் முடியும்.

போதுண்டா சாமி என்று எழுந்து உட்கார்ந்து நானே சட்டம் போட்டேன். பெரியவள் பிடிக்கும் முறை வந்தால் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறக்க வேண்டும். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“லீவுலகூடக் கணக்கா அத்தை?”

“ஒனக்கு நீட்டுக் காலு. ரெண்டு எட்டுல போயி புடிச்சிடுற. அதுக்குத்தான்” என்றேன்.

என் மகன் ஐம்பது வரை எண்ண வேண்டும். ஏழு வயதுக்காரி இருபது எண்ணினால் போதும். அவள் தேடும்போது மூன்று தடவை “ஜூட்டா?” என்று கேட்கலாம், ஒளிந்திருக்கிறவர்கள் “ஜூட்” என்று வாய்விட்டுப் பதில் சொல்லியே தீர வேண்டும். அந்தச் சத்தம் வந்த பக்கம் போய் அவள் பிடித்துக்கொள்வாள். களத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மூட்டை மேல் ஏறக் கூடாது. படுதாவைத் தொட்டால் கையை முறிப்பேன். நான் கை தட்டினால் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிட வேண்டும்.

பாப்பாவுக்கு மட்டும் சட்டம் எதுவும் போடவில்லை. அவள் ஒப்புக்குச் சப்பாணி. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்கிற ஏற்பாடுதான். ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரி இருக்கும், சேர்த்திருக்க மாட்டார்கள். அவளும் ஒளிவாள். பிடிக்கிறவர் கண்ணுக்கு நேரே நின்றாலும் அவளைப் பார்க்காத மாதிரிப் போக வேண்டும். அவள் அவுட் ஆக மாட்டாள். பிடிக்கும் முறையும் அவளுக்கு வராது. தலையை எண்ணும்போது அவளை எண்ணுவதில்லை. பிள்ளைகளுக்கு இது சரியாகப் புரிய வேண்டுமே என்று நானே இரண்டு மூன்று தடவை ஆடிக் காட்டினேன். சாக்குக்குப் பின்னால் பாப்பாவின் பாவாடை முழுசாகத் தெரியும். நான் அவளை உரசிக்கொண்டே போய், “ஐயோ, எம் புள்ளையக் காணுமே, எங்க போச்சோ தெரியலையே” என்று வானத்தைப் பார்த்துக் கத்துவேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

பிள்ளைகள் மேல் இருந்த அக்கறையால் இதையெல்லாம் செய்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குத் தூக்கம் வேண்டும், அவ்வளவுதான். சட்டம் வேலை செய்தது. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி, இருபது நிமிஷம் என்று கண்ணயர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் மூன்று மணிக்கு எழுத்தர் எங்கள் குவியலுக்கு வந்து மீட்டரைப் போட்டுப் பார்த்தார். பதினாறே முக்கால்.

“நாளைக்குக் காலையில மொதல் தராசு ஒங்களுக்குத்தாம்மா. இன்னிக்கு ஒரு பொழுது நனையாமப் பாத்துக்குங்க” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெல் என்ன, என் பிள்ளையா பரீட்சையில் பாஸாகியிருக்கிறது? ஆனாலும் கலங்கியது. திருப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நனைய விட்டுடாத” என்றார் அவரும். அங்கிருந்து சொல்வதற்கு என்ன!

சீக்கிரமே குவித்துவிட்டேன். கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று வடக்குப் பக்கம் மட்டும் படுதாவைத் திறந்து வைத்தேன். அந்தப் பக்கத்தில் காலிச் சாக்குகள் கிடந்தன. கொட்டகை நிழலில் போய்ச் சாய்ந்தேன். பெரியவள் கண்ணைப் பொத்திக்கொண்டு, “பதிமூணு பத்து நூத்தி முப்பது, பதிமூணு ஒம்பது நூத்திப் பதினேழு” என்று இழுக்க ஆரம்பித்தது காதில் விழுந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

முகத்தில் சாரல் அடித்து விழித்தேன். மேற்கே வானம் கன்னங்கரேல் என்று வந்து நின்றது. எழுந்ததும் நான் பார்த்தது நெல்லைத்தான். பிள்ளைகளை அல்ல. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. படபடவென்று கையைத் தட்டிக்கொண்டு, “மழ! மழ! ஓடியாங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிள்ளைகள் சொன்ன சொல் தவறாமல் ஓடி வந்தார்கள். நான் ஒரு மூலை, அவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலை. என் பங்குக்கு வடக்குப் பக்கம். படுதாவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, வெளியே கிடந்த சாக்குகளைக் காலால் உள்ளே தள்ளி, இழுத்து மூடி, ஓரம் நெடுகச் செங்கல் அடுக்கி, மேலே இரண்டு மணல் மூட்டையையும் தூக்கிப் போட்டேன். ஒன்பது நாளாக இல்லாத பலம் எங்கிருந்து வந்ததோ! ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை.

கொட்டகைக்கு ஓடி வந்தோம். மழை பிடித்துக்கொண்டது.

“எல்லாரும் வந்தாச்சாடி?” என்று கேட்டேன்.

“வந்தாச்சு அத்தை, மூணு பேரும் இருக்கோம்” என்றாள் பெரியவள்.

மூணு பேர் என்பது என் காதில் நன்றாகவே விழுந்தது. சரிதான் என்று தலையை ஆட்டினேன். ஆட்டத்தில் மூன்று பேர்தானே. மழை கொட்டக் கொட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. ‘பெய்யிடி நல்லா, எம் படுதாவ ஒண்ணும் பண்ண முடியாது’ என்று மனசுக்குள் மழையைக் கேலிகூடப் பண்ணினேன். பெரியவளின் பின்னலைப் பிழிந்துவிட்டேன். மகன் தலையை முந்தானையால் துவட்டினேன். சின்னவள் தலையைத் துவட்டினேன். அடுத்த தலைக்காகக் கையை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோனேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

“பாப்பா எங்கடா?”

மகன் பெரியவளைப் பார்த்தான். பெரியவள் அவனைப் பார்த்தாள்.

“அவ சப்பாணிம்மா. நீ தனியா ஒளிஞ்சுக்க, ஒன்ன யாரும் புடிக்க மாட்டாங்கன்னு வுட்டுட்டு வந்தேன்” என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். பையன் சுருண்டு சுவரில் போய் மோதினான். அறை வாங்க வேண்டியவள் நான். அது அப்போதே தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

களத்துக்குப் பின்னால் வாய்க்காலில் முக்கால் கரைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் ஒதுங்கியிருந்த சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். பெரியவள் அழுதுகொண்டே அவர்கள் பின்னால் ஓடினாள். நான், “பாப்பா, பாப்பா” என்று கத்துகிறேன், மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூட்டை அட்டிக்குப் பின்னால் பார்த்தேன், டிராக்டருக்கு அடியில் பார்த்தேன், தூற்றும் மெஷினுக்குள் கையை விட்டுத் துழாவினேன். இருபது நிமிஷம் ஆகிவிட்டது மழை பிடித்து. மூடிய குவியலைச் சுற்றி இரண்டு தடவை ஓடினேன். அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது நான் மூடியது அல்லவா?

ஏழு வயதுக்காரி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தை, பாப்பான்னு கூப்புடாதீங்க. ஜூட்டா கேளுங்க.”

நான் கேட்கவில்லை. அவளே மழையில் போய் நின்று, வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள். “ஜூட்டா?”

ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை கத்தினாள். மூன்றாவது தடவைக்குப் படுதாவுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, “ஜூட்” என்று வந்தது.

நெல்லாவது மண்ணாவது! மணல் மூட்டையை உருட்டித் தள்ளினேன், செங்கல்லைக் காலால் எத்தினேன். எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நிதானிக்கவில்லை. படுதாவை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அப்படியே உரித்துப் போட்டேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வேலியில் மாட்டியது. நான் காலால் தள்ளிய சாக்குகளுக்கு அடியில், நெல்லைக் குடைந்து குழி பண்ணி, அதற்குள் பாப்பா உட்கார்ந்திருந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி பூராவும் நெல். தூங்கி எழுந்த கண்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடு மழையில் நின்று ஓவென்று அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாய்க்கால் பக்கம் போனவர்கள் திரும்பி வந்து, வேலியிலிருந்து படுதாவை எடுத்து, குவியல் மேல் போடுவதற்குள் மழை தன் வேலையை முடித்துவிட்டது.

மறுநாள் காலை எழுத்தர் சொன்னபடி முதலில் என்னிடம்தான் வந்தார். மீட்டர் இருபதரை காட்டியது. மீட்டரைத் துடைத்துவிட்டு, வேறு பக்கத்திலிருந்து இன்னொரு பிடி அள்ளிப் போட்டார். இருபது. “நான் என்னம்மா பண்ணட்டும்” என்றார். அடுத்த குவியலுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை.

“தங்கச்சி, நான் வேணா ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்குறேன்” என்றார் கிழக்குத் தெரு அண்ணன். பொறுத்தால் அவர் நெல்லும் நனையும். “நீங்க போடுங்கண்ணே” என்றேன். மத்தியானத்துக்குள் அவருக்கு எடை முடிந்தது. பெண்பிள்ளைகள் இரண்டும் டிராக்டரில் ஏறிக்கொண்டு கையாட்டின. திருப்பூரிலிருந்து போன் வந்தது. “நனைய விட்டுட்டியா?” என்றார். “ஆமா, தூங்கிட்டேன்” என்றேன். போனை வைத்துவிட்டேன்.

படுதாவை வேலியில் காயப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பரப்ப ஆரம்பித்தேன். மகன் என்னோடு பேசவில்லை. கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து நெல்லைக் கிளறிக்கொண்டு வந்தான். பாப்பா என் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்து வந்தாள். விளையாட ஆள் இல்லை அவளுக்கு.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். “ஏண்டி, உள்ள அவ்வளவு நேரம் இருந்தியே, அம்மான்னு ஒரு சத்தம் போடக் கூடாதா?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

“நீதான் என்னப் பாத்தியே.”

“எப்ப?”

“மழ வந்தப்ப. படுதாவத் தூக்கி என்னப் பாத்த. பாத்துட்டுப் பாக்காத மாதிரி சாக்க என் மேல தள்ளிட்டுப் போனல்ல? அதான் நான் வாயப் பொத்திக்கிட்டுக் கம்முனு இருந்தேன். எனக்குச் சிரிப்பா வந்துது.”

கிளறிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கத்தில் மகனும் நின்றுவிட்டான். இல்லடி, சத்தியமா ஒன்ன நான் பாக்கல, நான் நெல்லத்தான் பாத்தேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

“பாத்தல்லம்மா?”

“பாத்தேண்டி” என்றேன்.